பத்மநாபபுரத்து நவராத்திரி மண்டபம்: சரஸ்வதிக்காகக் கட்டிய ஆடரங்கு

கேள்வி இதுதான்: "கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய, பெரிய நாடக அரங்கக் கட்டிடம் ஏதாவது இன்னும் நிற்கிறதா? பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஒரு நாடகசாலை உண்டு என்கிறார்களே, அதன் வரலாறும் கட்டிட அமைப்பும் என்ன?"

நிற்கிறது. நீங்கள் கேள்விப்பட்டதும் சரிதான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலையில் இறங்கி, உள்ளே சுமார் இரண்டு கிலோமீட்டர் போனால் கருங்கல் கோட்டைச் சுவர் வரும். அந்தக் கோட்டைக்குள் இருக்கிற அரண்மனையின் ஒரு பகுதிதான் இந்த அரங்கு. நாடகசாலை என்றும் சொல்வார்கள். ஆனால் அதன் உண்மையான வேலையைச் சொல்கிற பெயர் நவராத்திரி மண்டபம். இதை ஒரு தியேட்டர் என்று நினைத்துக்கொண்டு போனால் குழப்பம்தான் வரும். மேடை எங்கே, ஆட்கள் உட்கார இடம் எங்கே, திரை எங்கே என்று தேடுவீர்கள். மூன்றுமே கிடையாது. ஏன் கிடையாது என்பதில்தான் இந்தக் கட்டிடத்தின் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டுக்கு நாடகம் புதிதில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்துதான் சினிமாவுக்குப் போனார். ஆனால் அந்தக் காலத்து நாடகங்கள் நடந்த கொட்டகைகள் மூங்கிலும் ஓலையும் தகரமும். கம்பெனி வரும், கொட்டகை எழும். கம்பெனி போகும், கொட்டகையும் பிரியும். நடிகர்களின் பெயர் நின்றது, அரங்குகள் நிற்கவில்லை. ஆகவே நிகழ்த்துகலைக்கென்றே கட்டி, இன்றும் அசையாமல் நிற்கிற பழைய கட்டிடம் இந்த மாவட்டத்தில் எது என்று கேட்டால், என் பதில் அரண்மனை மண்டபம்தான்.

அரண்மனையின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்த ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். இப்போதும் தாலுகாவின் பெயர் அதுதான். இங்கே உள்ள நீலகண்டசுவாமி கோவில், மகாசிவராத்திரியில் நம் ஆட்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று சொல்லிக்கொண்டே ஓடுகிற சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோவில்களில் ஒன்று. திருவிதாங்கூருக்கு முந்தைய சிற்றரசான வேணாட்டின் அரசர்கள் இங்கே இருந்து ஆண்டார்கள். அரண்மனையின் தொடக்கத்தை 1601 வாக்கில், இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் வைப்பது வழக்கம். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் அதற்கும் முந்தியது என்பார்கள். பிறகு வந்தவர் அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. 1729-ல் பட்டத்துக்கு வந்து, 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, சிற்றரசாக இருந்ததைத் திருவிதாங்கூர் என்ற பெரிய அரசாக்கினார். போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவரிடமே படைத்தலைவராக மாறி, உதயகிரிக் கோட்டையையும் இந்தக் கோட்டையையும் பலப்படுத்தினார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையை இன்றும் பார்க்கலாம்.

கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் மார்த்தாண்ட வர்மா காலத்தில்தான். 1750 ஜனவரியில் அவர் தன் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம் என்று அதைச் சொல்வார்கள். அதன்பிறகு அந்த வம்சத்து ராஜாக்கள் பத்மநாபதாசர்கள், சுவாமியின் சார்பில் நாட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள். இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

இனி கட்டிடத்துக்கு வருவோம். பத்மநாபபுரம் அரண்மனை என்றாலே மரம். முகப்பு மண்டபமான பூமுகத்தின் கூரையில் செதுக்கிய பூக்கள், தாய்க்கொட்டாரத்தில் பலா மரத்தில் கடைந்த தூண், சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை, அழியடித்த சாளரங்கள் என்று எல்லாமே தச்சரின் வேலை. தாழ்ந்த நிலைகளில் தலை குனிந்து, குறுகிய மரப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே வருவீர்கள். அப்படி வந்து நவராத்திரி மண்டபத்துக்குள் நுழைந்தால் சட்டென்று எல்லாம் கல்லாகிவிடும். தூண் கல், போதிகை கல், உத்திரம் கல், மேலே மூடியிருக்கும் பலகையும் கல். ஒரு வீட்டுக்குள்ளிருந்து நேராக ஒரு கோவில் மண்டபத்துக்குள் வந்து நிற்பதுபோல இருக்கும். உண்மையில் நடந்திருப்பதும் அதுதான். இது அரண்மனைக்குள் கட்டிய கோவில் மண்டபம். ஒரு முனையில் சரஸ்வதியின் சந்நிதி. அதற்கு முன்னால் நீளவாக்கில் ஒரு கூடம். கூடத்தின் இரண்டு பக்கமும் தூண் வரிசை.

பாணி என்று பார்த்தால் இது விஜயநகர, நாயக்கர் காலத்துத் தமிழ்நாட்டுக் கோவில் பாணி. தூணோடு சேர்த்து ஒரே கல்லில் உருவம் செதுக்குவது, தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டியதுபோலப் போதிகை வைப்பது, மேலே கல்பலகை பரப்புவது எல்லாம் மதுரை, திருநெல்வேலிக் கோவில்களில் நாம் பார்த்துப் பழகியவை. சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் இந்த வேலையின் உச்சத்தைப் பார்க்கலாம். மலையாளக் கரையின் மரத் தச்சும் பாண்டிநாட்டுக் கல் தச்சும் ஒரே வளாகத்துக்குள் அடுத்தடுத்து நிற்கிற இடம் இது. குமரி மாவட்டத்தின் கலை என்ன என்று யாராவது கேட்டால், பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்த ஒரு வாசற்படியைத் தாண்டிப் பார்க்கச் சொல்வதே நல்லது என்பேன்.

கல்லில் கட்டினால் ஒரு கட்டுப்பாடு வரும். மர உத்திரம் வளைந்து கொடுக்கும், கல் கொடுக்காது. கல்லின் மேல் எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். ஆனால் இரண்டு தூணுக்கு நடுவே நீளமாகக் கிடத்தினால், தன் எடையிலேயே அடிப்பக்கம் விரிசல் கண்டு உடைந்துபோகும். அதனால் கல் மண்டபத்தில் தூண்களை நெருக்கமாகத்தான் நிறுத்த வேண்டும். போதிகை எதற்கு என்றால், அது இருபுறமும் கொஞ்சம் வெளியே நீண்டு, உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளியைக் குறைத்துக் கொடுக்கிறது. பார்க்க அலங்காரம்போல இருந்தாலும் அதன் முதல் வேலை பாரம் சுமப்பது. இந்த மண்டபம் அகலம் குறைந்து நீளம் கூடி இருப்பதற்கும் இதுவே காரணம். நடுக்கூடத்தின் அகலத்தைத் தீர்மானித்தது கல்பலகையின் நீளம்.

ஆயிரம் பேரை உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் இந்த அரண்மனைக்காரர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையைப் பாருங்கள், இரண்டு மாடி, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை பந்தி போடலாம். மரக்கூரை போட்டு அதைச் செய்யத் தெரிந்தவர்கள், ஆடரங்குக்கு மட்டும் ஏன் கல்லுக்குப் போனார்கள்? எனக்குத் தோன்றுகிற காரணம் இரண்டு. ஒன்று, சந்நிதி இருக்கிற இடம் கற்றளியாக, அதாவது கல்லால் கட்டிய கோவிலாக இருக்க வேண்டும் என்ற கோவில் மரபு. இன்னொன்று தீ. ஒன்பது ராத்திரியும் எண்ணெய் விளக்கு எரிகிற இடம் அது. மரக்கூரைக்குக் கீழே அத்தனை விளக்கை ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நம் ஊரில் ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையும் இரண்டுமே உண்டு. நவராத்திரி வருவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட புரட்டாசியில். அந்தச் சமயத்தில் சாயங்கால மழைக்கும் பஞ்சமில்லை. கல் கூரைக்கு அதைப் பற்றியும் கவலை கிடையாது.

தூண்களில் எனக்குப் பிடித்தவை பாவைவிளக்குகள். கையில் அகலை ஏந்தி நிற்கும் பெண் உருவங்கள். தூணை ஒட்டி, தூணின் கல்லிலேயே செதுக்கியவை. பகல் வெளிச்சத்தில், கூட்டத்தோடு கூட்டமாகப் போகும்போது இவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவோம். விளக்குகள் எரிகிற ஒரு ராத்திரியில் இந்தக் கூடத்தைக் கற்பனை செய்துபாருங்கள். வெளிச்சம் உயரத்திலிருந்து விழாது, ஆள் உயரத்துக்கும் கீழே, பக்கவாட்டிலிருந்து வரும். ஆடுகிறவரின் கைமுத்திரையும் முகத்தின் ஒரு பாதியும் வெளிச்சத்தில் இருக்க, மறுபாதி நிழலில் போகும். தூணில் நிற்கிற பாவையின் இடுப்பு வளைவும் கீழே ஆடுகிறவரின் நிலையும் ஒன்றுபோலத் தெரியும். சிற்பி ஆட்டத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார் என்பது அப்போது புரியும்.

அப்புறம் தரை. இந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எதை மறந்தாலும் தரையை மறப்பதில்லை. கன்னங்கரேல் என்று, தூண்களின் நிழலைத் திருப்பிக் காட்டுகிற அளவுக்கு மினுமினுப்பு. கறுப்புப் பளிங்கு பதித்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது பூசிய தரை. சுண்ணாம்பு, மணல், சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றோடு இன்னும் சில மரச்சாறுகளும் சேர்த்து அரைத்துப் பூசியது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ராஜாவின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் தரையும் இதே வகைதான். ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகும். முட்டை வெள்ளை பசையாக நின்று பிடிப்புக் கொடுக்கும். கரி நிறம் கொடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் உழைப்பு. பூச்சு ஈரம் காய்கிற பதத்தில் வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும், தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேல்பரப்பின் நுண்துளைகள் எல்லாம் அடைபட்டுப் பளபளப்பு ஏறுவது அந்தத் தேய்ப்பில்தான். சரக்கு என்ன என்பதைவிட இந்தக் கைப்பதம்தான் பெரிய ரகசியம். இன்று சிமென்ட் தரைக்குப் பாலிஷ் போட்டு அதுபோலச் செய்கிறோம் என்று சொல்கிறவர்களின் வேலையை நான் பார்த்திருக்கிறேன். நிறம் வருகிறது, அந்த ஆழம் வருவதில்லை.

வெறுங்காலோடு நடந்தால் தரை குளிர்ந்திருக்கும். செருப்பை அரண்மனை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அது வாய்க்கும். ஆடுகிறவருக்கு இந்தத் தரை எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன். மரப்பலகை மேடையில் காலைத் தட்டினால் அடியில் இருக்கும் காலியிடம் அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும். கல்லின் மேல் பூசிய தரையில் அந்த முழக்கம் வராது. தட்டுமெட்டு துல்லியமாக, சலங்கையின் சத்தம் தனியாகக் கேட்கும். ஆனால் மொத்த அதிர்ச்சியும் ஆடுகிறவரின் முழங்காலுக்குத் திரும்பி வரும். அழகான தரை, கடினமான தரை.

மண்டபத்தின் பக்கத்தில் மரத்தால் அடைத்த ஓர் அறை இருப்பதைக் கவனியுங்கள். பலகையில் சின்னச் சின்னத் துளைகள். அரண்மனைப் பெண்கள் உள்ளே இருந்து, அந்தத் துளைகள் வழியாக நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். அவர்கள் கூடத்தைப் பார்க்கலாம், கூடத்திலிருக்கிற யாரும் அவர்களைப் பார்க்க முடியாது. வழிகாட்டிகள் இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரு கண்ணை மூடித் துளையில் வைத்துப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள், ஆனால் என்ன தெரிகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். கூடத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும். அந்தப் பெண்கள் ஓர் ஆட்டத்தை முழுசாகப் பார்த்திருக்கவே முடியாது. ஆடுகிறவர் அந்தத் துண்டுக்குள் வரும்போது பார்த்து, போன பிறகு காதால் கேட்டு மீதியை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். மருமக்கத்தாயம் என்ற தாய்வழி வாரிசு முறையில் அரச வம்சமே அந்தப் பெண்களின் வழியாகத்தான் தொடர்ந்தது. அத்தனை மதிப்புள்ளவர்களுக்கும் கலையைப் பார்க்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் முழுசாகப் பார்த்தது யார்? சந்நிதியில் இருக்கிற சரஸ்வதி. கூடத்தின் நீளம், தூண்களின் வரிசை, கண்ணாடித் தரை எல்லாம் ஒரே திசையில் கண்ணை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவது அந்தச் சந்நிதியில்தான். ஆட்டமும் பாட்டும் அவளுக்கு நடந்த நவராத்திரி வழிபாட்டின் பகுதி. ராஜாவாக இருந்தாலும் ஓரமாக இருந்து பார்க்கிற பக்தர்தான். மேடை உயர்த்தப்படாததும், பார்வையாளர்களுக்கு அடுக்குகள் இல்லாததும் இதனால்தான். தெய்வத்தின் முன்னால் ஆடுகிறவர் தெய்வத்துக்கு மேலே நிற்க வேண்டியதில்லை. கேரளத்துக் கோவில்களில் கூத்து நடக்கும் அரங்குகளான கூத்தம்பலங்களிலும் மேடையில் நிற்பவர் சுவாமியை நோக்கித்தான் நடிப்பார். ஆனால் கூத்தம்பலத்தில் தனி மேடை உண்டு, பின்னால் ஒப்பனைக்கு அணியறை உண்டு, மிழாவு என்ற முழவு வைக்க இடம் உண்டு, நாட்டியசாஸ்திரத்தை ஒட்டிய கணக்கும் உண்டு. இங்கே அதெல்லாம் இல்லாமல், தமிழ்நாட்டுக் கோவிலின் நிருத்த மண்டபம்போல வெறும் கூடமும் சந்நிதியும் மட்டும்.

இது இந்த மண்டபத்துக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. அதே வளாகத்தில் நான்கு நிலையாக எழும்பி நிற்கும் உப்பரிகை மாளிகையைப் பாருங்கள். கீழே கருவூலம், அதற்கு மேல் ராஜாவின் பள்ளியறை. உச்சியிலுள்ள தளம் பத்மநாபசுவாமிக்கு. சுவரெங்கும் மூலிகை வண்ணத்தில் சுவரோவியங்கள், விளக்கு, ஆள் படுக்காத கட்டில். நாட்டையே எழுதிக்கொடுத்துவிட்ட ராஜாவின் வீட்டில் உயர்ந்த அறை சுவாமிக்குப் போயிற்று. அதே கணக்கில்தான் அரங்கின் முதல் இருக்கை சரஸ்வதிக்குப் போயிற்று.

யார் கட்டினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஆடரங்கோடு இரண்டு பெயர்கள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ஒருவர் மார்த்தாண்ட வர்மா, இன்னொருவர் 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள். சுவாதித் திருநாள் பெயர் ஏன் வருகிறது என்பது சுலபமாகப் புரியும். அவரே சாகித்தியகர்த்தா. பரதநாட்டியத்துக்கு ஒழுங்கு கொடுத்த சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். திருவிதாங்கூரில் ஆடல் பாடல் சம்பந்தமாக எதைப் பார்த்தாலும் அவர் பெயரைச் சொல்லிவிடுவது ஒரு பழக்கம். ஆனால் தலைநகரம் 1795-லேயே திருவனந்தபுரத்துக்கு மாறிவிட்டது. சுவாதித் திருநாள் பிறந்தது 1813-ல். அவர் ஆண்டதும் பாடியதும் அங்கேதான். காலிசெய்துவிட்டுப் போன பழைய தலைநகரில் இத்தனை பெரிய கல்வேலையைத் தொடங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுபக்கம், மார்த்தாண்ட வர்மா திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் கட்டிய ஸ்ரீபலிப்புரையைப் பாருங்கள். 365 தூணும் ஒரு கால் தூணும் என்று பேர்பெற்ற அந்தச் சுற்று மண்டபத்தில் தூணுக்குத் தூண் விளக்கேந்திய பாவைதான். அதே கல், அதே கை. ஆகவே கல் மண்டபம் மார்த்தாண்ட வர்மா காலத்தது என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். பிற்காலத்து ராஜாக்கள் அதற்குச் செய்த மராமத்தும் சேர்க்கையும் தனிக் கதை.

இந்த மண்டபத்துச் சரஸ்வதிக்கு ஒரு தமிழ்க் கதை உண்டு. கம்பர் வழிபட்ட விக்கிரகம் இது. தன் கடைசிக் காலத்தில் அவர் அதைச் சேர ராஜாவிடம் ஒப்படைத்து, வருஷம் தவறாமல் நவராத்திரி பூஜை நடத்த வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாக்கைத்தான் வேணாட்டு ராஜாக்கள் காப்பாற்றி வந்தார்கள் என்பது நம்பிக்கை. இதை ஐதீகமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மலையாள அரச வம்சம் ஒன்று தன் கலைத்தெய்வத்தைத் தமிழ்க் கவிஞரிடமிருந்து வாங்கியதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது என்பது, தென்திருவிதாங்கூர் எப்படிப்பட்ட நாடு என்பதைக் காட்டுகிறது. தேவாரக்கட்டு சரஸ்வதி என்று அந்த அம்மனைச் சொல்வார்கள்.

தலைநகரம் போன பிறகு விழாவும் போயிற்று. நவராத்திரிக்குச் சரஸ்வதியைத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளச் செய்யும் வழக்கம் வந்தது. இன்றும் வருஷாவருஷம் நடக்கிறது. நவராத்திரிக்கு முன்பாக, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை என்ற அம்மனும், வேளிமலை குமாரகோவிலிலிருந்து முருகனும் பத்மநாபபுரத்துக்கு வந்து சேருவார்கள். உப்பரிகை மாளிகையில் வைத்து ராஜாவின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். தமிழ்நாடு, கேரளம் இரண்டு அரசின் ஆட்களும் அதில் இருப்பார்கள். பிறகு சரஸ்வதி யானை மேலும் மற்ற இருவர் பல்லக்கிலுமாகப் புறப்பாடு. முதல் நாள் ராத்திரி குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் கரமனை வழியாகத் திருவனந்தபுரம். வழிநெடுக வீட்டு வாசலில் கோலம் போட்டு, விளக்கேற்றி, தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். போகும்போதும் உண்டு, விழா முடிந்து திரும்பும்போதும் உண்டு.

அங்கே திருவனந்தபுரம் கோட்டைக்குள், குதிரைமாளிகை அரண்மனையை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியை இருத்தி ஒன்பது நாளும் சங்கீதம் நடக்கும். இங்கே இருந்த மண்டபத்தின் வேலையை அந்த மண்டபம் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். முறைகள் கறாரானவை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கும். ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாளின் கிருதி ஒன்று உண்டு, ராகமும் முன்பே தீர்மானித்தது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. யாரும் கைதட்டக் கூடாது. பாடுவது சரஸ்வதிக்கு, நாம் பக்கத்தில் இருந்து கேட்கிறோம், அவ்வளவுதான். பத்மநாபபுரத்துக் கல்லில் எழுதியிருக்கிற அதே கொள்கை அங்கே விதியாக நிற்கிறது. நெடுங்காலம் அங்கே பெண்கள் பாட அனுமதி இல்லாமல் இருந்தது. 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண் ஆனார். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கூப்பிடுதூரத்தில் இருக்கிற பாறசாலையில் பிறந்தவர். பெண் தெய்வத்தின் முன்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்க அத்தனை காலம் ஆயிற்று என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. கோவில்களில் ஆடியவர்கள் பெண்கள்தான். சுசீந்திரத்தில் குடிக்காரிகள் என்று அவர்களைச் சொல்வார்கள். தென்திருவிதாங்கூர்க் கோவில்களில் அந்த முறையை 1930-ல், சேது லட்சுமி பாய் ரீஜண்டாக இருந்தபோது நிறுத்தினார்கள். நிறுத்த வேண்டிய முறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்களுடைய ஆட்டம் என்ன ஆனது, அவர்கள் பாடிய பதங்கள் என்ன ஆயின என்று கேட்டுப் பதிந்துவைக்க யாரும் இருக்கவில்லை. தூணும் தரையும் நமக்கு மிஞ்சின. அதன்மேல் ஆடிய கால்களின் பெயர்கள் மிஞ்சவில்லை.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவானபோதும், அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. இன்றும் அப்படித்தான். சுற்றியிருப்பது தமிழ்நாட்டு நகராட்சி, உள்ளே டிக்கெட் கிழிப்பது கேரள அரசு ஊழியர். இதைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான பேச்சும் உண்டு. மரவேலைகளை அவர்கள் பராமரிக்கிற விதம் நன்றாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் அரண்மனை இடம்பெற்றது. எனக்குள்ள மனக்குறை வேறு. வருகிறவர்களை மூலிகைக் கட்டிலையும் ஊறுகாய்ச் சாடியையும் காட்டி வேகமாக நகர்த்திவிடுகிறார்கள். மண்டபத்தில் நிற்கக் கிடைப்பது சில நிமிஷம். அங்கே இருக்கிற சிற்பங்களுக்கும் தரைக்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஒழுங்கான விளக்கப் பலகை வேண்டும். நவராத்திரி முடிந்து அம்மன் திரும்பிய பிறகாவது, ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு வீணையோ வாய்ப்பாட்டோ அந்தக் கூடத்தில் சந்நிதியை நோக்கி ஒலிக்க வேண்டும். எதற்காகக் கட்டினார்களோ அதற்கே பயன்படுத்தினால்தான் அதன் ஒலி எப்படிப்பட்டது என்று நம் தலைமுறைக்கும் தெரியும்.

நேரில் போகிறீர்கள் என்றால் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் மூடுவார்கள். காலையில் திறந்ததும் போய்விடுவது உத்தமம், பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். முதலில் கூடத்தின் கோடியிலிருந்து சந்நிதியைப் பாருங்கள், பிறகு சந்நிதிப் பக்கம் நின்று திரும்பிப் பாருங்கள். சந்நிதியிலிருந்து பார்க்கும்போதுதான் தூண் வரிசையின் அளவுப்பொருத்தம் முழுதாகத் தெரியும். வெளியே வந்ததும் பக்கத்திலேயே ராமசாமி கோவில் இருக்கிறது, ராமாயணக் காட்சிகளை மரப்பலகையில் செதுக்கியிருப்பார்கள், பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அதே நாளில் சாயங்காலம் நடை திறந்ததும் சுசீந்திரம் போய் அலங்கார மண்டபத்தின் இசைத்தூண்களைப் பாருங்கள். பத்மநாபபுரத்தில் பார்த்த கல்தச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல விடை கிடையாது. நவராத்திரிப் புறப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால், விழா தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, தேதியை விசாரித்துக்கொண்டு விடியற்காலையிலேயே தக்கலைக்கு வந்துவிடுங்கள். கோட்டைக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.